பதினோரு கிலோமீட்டர்

தங்கை வேலை செய்த வீட்டின் கதவு திறக்கவே இல்லை. நாலு முறை மணியடித்துப் பார்த்துவிட்டு, கண்டக்டர் சாலைக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவள் உடல் மறுநாள்தான் விமானம் ஏறும். அதுவரை அறையிலேயே இருங்கள் என்று தூதரகத்தில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போலீஸ் காகிதத்தில் இருந்தது ஒரே வரி. அந்த வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, சாலையோரம், வெயில் தாங்காமல். அந்த வழியை ஒருதரம் நடந்து பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பதினோரு கிலோமீட்டர் என்றால் அவருக்கு ஐந்து ஸ்டாப்பிங், இரண்டு விசில், ஒரு சண்டை. இங்கே நடக்க நடக்க மதில்தான் வந்தது. ஒன்று முடிந்தால் இன்னொன்று. நடைபாதையே போடவில்லை. உள்ளே சமைக்கிறவர்களும் துடைக்கிறவர்களும் எப்படித்தான் வெளியே போவார்கள்? போக வேண்டாம் என்றுதான் இப்படிக் கட்டியிருக்கிறார்களோ?

பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், அடிக்கிறார்கள் என்று மூன்று மாதம் முன்னால் போனில் அழுதாள். "வேலைன்னா முன்னப்பின்னதான் இருக்கும். ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரும்மா" என்று சொன்னவர் அவர்தான். அதன்பிறகு அவளிடமிருந்து பேச்சே இல்லை.

கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் வாசலிலிருந்து காவல்காரர் கூப்பிட்டார். "அண்ணே, நம்மாளா? இந்த வெயில்ல எங்க நடக்கறீங்க?"

கண்டக்டர் பையிலிருந்த போட்டோவை நீட்டினார்.

"அட, இந்தப் பொண்ணா! இங்கதான் உக்காந்திருந்துச்சு. தண்ணி குடுத்தேன். எம்பசிக்குப் போகணும்னுச்சு. வெயில் தாழட்டும்னேன், கார்ல தேடிட்டு வந்துடுவாங்கன்னு பயந்துச்சு. என் போன்ல அவங்க அண்ணனுக்குப் போட்டுச்சு. ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் அவரு கட் பண்ணிட்டாரு."

அந்த மத்தியானம் கண்டக்டருக்கு நினைவிருந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். படியில் தொங்கியவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது ஏதோ வெளிநாட்டு நம்பர். ஏமாற்றுக்காரன் எவனோ என்று திட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினார். இரண்டாவது தடவை பார்க்கக்கூட இல்லை.

"நீங்கதான் அந்த அண்ணனா?"

"இல்ல... தெரிஞ்சவங்க."

"அவர்கிட்ட சொல்லிடுங்க, அது ஒண்ணும் கோவிச்சுக்கல. 'டூட்டில இருப்பாரு, அப்புறம் பேசிக்கறேன்'னு சிரிச்சுக்கிட்டேதான் போனைக் குடுத்துச்சு. பத்திரமாப் போய்ச் சேந்துச்சா, அண்ணே?"

கண்டக்டர் போட்டோவைப் பைக்குள் வைத்தார். "நாளைக்கு ஊருக்கு வருது."

காவல்காரரின் முகம் மலர்ந்துபோனது. "அப்பாடா! எனக்கு மனசே ஆறல. அதோ, அந்த வளைவு வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்."

அவர் கை காட்டிய பக்கம் கண்டக்டர் நடந்தார். "பாத்துப் போங்கண்ணே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வளைவு வந்ததும், திரும்பாமலே, கையை மட்டும் உயர்த்தினார்.