பர்க்கின் காதில் பதக்க எண்ணெய்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை; ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். ஆலிவ் எண்ணெய்க்குப் பேர்போன ஸ்ஃபாக்ஸ் நகரில், கால்நடை மருத்துவர் ரவுதாவின் அறைக்கு வெளியே, திறந்திருந்த கதவருகில், மடியில் என் பூனையோடு உட்கார்ந்திருந்தேன். (பூனை கதையில் இல்லை. அதற்கு வருத்தமும் இல்லை.)

முதல் வரி இப்படித்தான் வந்தது: ‘மனித நாகரிகத்தின் நெடும்பயணத்தில் நாயின் காது என்பது—’

அடித்துவிட்டேன். நாகரிகத்துக்குக் காது அரிக்கவில்லை. பர்க் என்ற வேட்டைநாய்க்குத்தான் அரித்தது.

2

ரவுதா காது மடலைத் தூக்கினாள். புளித்த மாவு வாடை. பழுப்பு அழுக்கின் மேல் பளபளவென்று என்னவோ மிதந்தது.

“என்ன ஊத்துனீங்க ஐயா?”

“என் தோட்டத்து ஆலிவ் எண்ணெய்,” என்றார் ஷெத்லி. ஊரின் எண்ணெய்ப் போட்டிகளில் ருசி பார்க்கும் நடுவர் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாற்காலியில் உட்காரும்போதும் தலைவராகவே உட்கார்ந்தார். “பதக்கம் வாங்குன எண்ணெய். காலைல, சாயங்காலம், ரெண்டு காதுலயும்.”

“காதுக்குள்ள நடுவர் யாரும் உக்காந்திருக்கலையே.”

அவர் மனைவி ஜலீலா சிரித்தாள். “எனக்குப் பல்வலின்னாலும் இதேதான் டாக்டர். கார் கதவு கீச்சுனாலும் இதேதான்.”

“நீ சும்மா இரு. டாக்டரம்மா, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.” சட்டைப்பையிலிருந்து குப்பி வந்தது.*

ரவுதா ருசி பார்த்தாள். “பிரமாதம். சாலட்ல ஊத்துங்க. கூப்பிட்டா திரும்புறானா?”

ஷெத்லி நாயின் கழுத்தைத் தடவினார். ஜலீலாதான் சொன்னாள்: “இப்பல்லாம் இல்ல. முதுகுக்குப் பின்னால லாரி ஹாரன் அடிச்சும் அசையல.”

[* ஸ்ஃபாக்ஸில் ஒருவரின் எண்ணெயை மறுத்தால் அவர் சம்பந்திகள் வரை பேச்சு நின்றுவிடும்.]

3

இங்கேதான் எனக்குக் கை பரபரத்தது. ரவுதா காதழுக்கைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள்.

“சின்னச் சின்ன காலடித் தடம் மாதிரி தெரியுதா? பூஞ்சை. கொழுப்புதான் அதுக்குச் சோறு. நீங்க ரெண்டு வேளையும் விருந்து வச்சிருக்கீங்க.”

ஷெத்லி வெகுநேரம் குனிந்து பார்த்தார். “ருசி தெரிஞ்ச ஜந்துங்கதான்.”

“செவிப்பறை கிழிஞ்சிருந்தா சில மருந்தே விஷம். மயக்கம் குடுத்து, கழுவிட்டுத்தான் பாக்க முடியும்.”

“கழுவணுமா? என் எண்ணெயவா?”

4

இவரை முழு முட்டாளாக்கிவிடத் திட்டமிட்டிருந்தேன். அகந்தைக்காரன் ஒருவன் விழுவதை எழுதுவது போல் சுகமான வேலை வேறில்லை. ஆனால் ஜலீலா சொல்லித் தொலைத்தாள்:

“கரண்டில சூடு காட்டி, மொதல்ல தன் காதுல விட்டுப் பாப்பாரு டாக்டர். சுடலைன்னாதான் அவனுக்கு.”

என் நையாண்டி அங்கேயே படுத்துவிட்டது. ஷெத்லி குப்பியை மூடி, மனைவியின் கைப்பையில் போட்டார். “கழுவுங்க,” என்றார்.

ரவுதா கழுவினாள். இடது செவிப்பறை முழுசு. வலது பக்கம் குழாயே வீங்கி அடைத்திருந்தது, எதுவும் தெரியவில்லை. செவிப்பறை கிழிந்திருந்தாலும் கெடுதல் செய்யாத மருந்தாகப் பார்த்துக் கொடுத்தாள். “முடிச்சிட்டு வாங்க. கேக்குமான்னு அப்பத்தான் தெரியும்.”

5

மருந்து முடிந்து வந்தார்கள். (நானும் வந்தேன். பூனைக்கு ஒன்றுமில்லை.) வாடை போயிருந்தது, வீக்கம் போயிருந்தது. ரவுதா பர்க்கைச் சுவரைப் பார்க்க நிறுத்தினாள். “பின்னால நின்னு கூப்பிடுங்க ஐயா. கை தட்டாதீங்க, தரை அதிரக் கூடாது.”

முடிவு ஒன்று: நாய் திரும்புகிறது, ஷெத்லி தேம்புகிறார். வார இதழ்கள் வாங்கிக்கொள்ளும்.

முடிவு இரண்டு: திரும்பவில்லை. இலக்கியக் கூட்டத்தில் கைதட்டுவார்கள்.

முடிவு மூன்று: நாய் திரும்புகிறது, ஆனால் வேறு யாரோ—

இல்லை. நடந்தது இவ்வளவுதான்: ஷெத்லி வாயைத் திறந்தார். மேடையில் ஒலிபெருக்கியே வேண்டாத மனிதர். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். “நீ கூப்பிடு,” என்றார் மனைவியிடம். “நான் மாட்டேன்,” என்றாள் அவள். ரவுதா என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

பர்க் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. வாசிக்கும் உங்கள் குரல் அதற்குப் புதிது. ஆனால் பெயர் பழக்கமானது. மெதுவாகக் கூப்பிடுங்கள்.