தன் காலைத் தானே நீவியவள்

கிரேஸ் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்ததாம். அதனால் கவரைப்பேட்டை காலனியில் அவளுக்குத் தனி மரியாதை. அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்புப் பிடித்தவர், முதுகு பிசகியவர் எல்லாரும் அவள் வீட்டு வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். லாரிக்கு மூட்டை ஏற்றும் குப்பன் மாசத்துக்கு இரண்டு தடவை வருவார். கிரேஸ் மூன்று முறை காலால் நீவிவிட்டு, எழுந்து போங்க மாமா என்பாள். அவரும் எழுந்து போய்விடுவார். எப்படிக் குணமாச்சு என்று என்னைக் கேட்காதீர்கள்.

எழுபதுகளில் போலீசில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அன்றைக்கே அந்த வேலை தனக்குத்தான் என்று கிரேஸ் முடிவுகட்டிவிட்டாள். ஐப்பசியில் திருவள்ளூரில் ஆள் எடுப்பு. ஓடித் தேற வேண்டும், டாக்டர் சரி என்று எழுத வேண்டும். விடியலில் எழுந்து வெறுங்காலோடு ஜி.என்.டி. ரோட்டில் புதுவாயல் வரைக்கும் ஓடித் திரும்புவாள். லாரிக்காரன்கள் ஹாரன் அடிப்பான்கள். அடிக்கட்டுமே என்று ஓடுவாள்.

தை மாசக் கடைசியில் இடது முழங்காலுக்குக் கீழே வலி கண்டது. சுளுக்கு என்றே நினைத்தாள். சுளுக்கென்றால் கால் முதலில் வந்து பிறந்தவர் நீவ வேண்டும். அந்த வட்டாரத்தில் அப்படிப் பிறந்தவள் அவள் ஒருத்திதானே! சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலால் இடது காலைத் தானே நீவிக்கொண்டாள். இந்தக் கூத்து எங்கேயாவது உண்டா? மூன்று வாரம் நீவுவதும் ஓடுவதுமாக இருந்தாள். வலி கூடக்கூட, நீவினது பத்தவில்லை என்று இன்னும் அழுத்தினாள். மாசியில் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மளுக்கென்றது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் மயிரிழை விரிசலாக இருந்திருக்கும், சும்மா இருந்திருந்தால் தானே கூடியிருக்கும், ஓடி ஓடி முழுசாக முறித்துக்கொண்டாய் என்றார் டாக்டர். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. ஐப்பசிக்குள் ஓட முடியுமா என்று கேட்டாள். அவசரப்படாமல் இருந்தால் முடியலாம் என்றார். முடியும் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு செங்கம்மாள் பார்க்க வந்து, கால் ஒடிஞ்ச பொண்ணைப் போலீசும் எடுக்காது, கட்டிக்கவும் எவனும் வரமாட்டான் என்று அங்கலாய்த்தாள். கிரேஸின் அம்மா சாராள் விடுவாளா? ரெண்டு காலும் நல்லா இருக்கிற உன் மருமகன் மட்டும் இன்னா வேலைக்கா போறான், உக்காந்துதானே துன்றான் என்று ஒரே போடாகப் போட்டாள்.

வைகாசியில் கட்டைப் பிரித்தபோது கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. அன்றைக்கு மட்டும் கிரேஸ் வாய்விட்டு அழுதாள். மறுநாளே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடக்கக் கிளம்பிவிட்டாள். முதல் வாரம் பாதி பிளாட்பாரம், அடுத்த வாரம் முழுசு. சுருக்கென்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஓடத் தெரிந்தவளுக்கு உட்காருவதுதான் பெரும் பாடு. பதறாத காரியம் சிதறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆடியில் மெல்ல ஓடினாள், புரட்டாசியில் பழைய வேகம் வந்தது. வலியைக் காணோம். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

ஐப்பசியில் அப்பா தானியேல் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு மகளைத் திருவள்ளூருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் அவள் காதோடு சொன்னார்: "கால் ஒடிஞ்ச கதைய அங்க எடுக்காத கண்ணு. கேட்டாலும் இல்லன்னுடு."

கிரேஸ் மைதானத்தில் ஓடினாள். மூன்றாவதாக வந்தாள், கொடுத்த நேரத்துக்குள் வந்தாள். மீதி இருந்தது டாக்டர்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். எலும்பு எப்போதாவது முறிந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் எட்டு மாசம் பட்ட பாட்டை இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஒடிஞ்சிது மேடம். மாசி மாசம். இப்ப கூடிடுச்சி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. எந்தக் கால் என்று கேட்டார்.

"நீங்களே பாத்து சொல்லுங்க மேடம்."

கூட இருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். ஒற்றைக் காலில் இருபது தடவை குதிக்கச் சொன்னார், பிறகு மற்ற காலில். குந்தி எழச் சொன்னார். குதிகாலில் நடக்கச் சொன்னார். கிரேஸ் எல்லாம் செய்தாள். இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலது என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம், எடது."

டாக்டரம்மா உட்கார்ந்து, 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.