இரண்டு இருமல்

அந்தி சாய்ந்துவிட்டால் மாமாவுக்குக் கண் தெரியாது. இது அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். காட்டோர விடுதிக்கு வரும் விருந்தாளிகளை மாலையில் நடத்திக் கூட்டிப்போய் மிருகம் காட்டுவதுதான் அக்கா புருஷனான அவருக்கு வேலை. காட்டுத் தடம் காலுக்கு மனப்பாடம் என்பதால் முன்னால் அவர், நடுவில் விருந்தாளிகள், கடைசியில் நான். நான் ஒருமுறை இருமினால் இடது, இருமுறை என்றால் வலது. அந்தப் பக்கம் கையை நீட்டுவார். என்ன மிருகம் என்பதை வாடையிலும் சருகுச் சத்தத்திலும் அவரே பிடித்துவிடுவார், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லாரும் அவர் கண்ணைத்தான் கொண்டாடுவார்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு விருந்தாளி பரிதாபப்பட்டுக் கொடுத்த இருமல் மருந்து.

முன்னால் போகிறவருக்கு வேலை நிரந்தரம், குடியிருக்க வீடும் உண்டு என்று விடுதியில் முடிவானது. அன்று மேனேஜரே கூட நடந்து பார்க்க வந்தார். கிளம்பும்போது அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு மட்டும் நல்லா இருமுடா. வீடு கெடச்சா பின்னாடி ரூம் உனக்குத்தான்."

பின்னாடி ரூம். நடையிலும் கடைசி, வீட்டிலும் கடைசி.

ஓடைத் திருப்பத்தில், இடப்பக்கச் சரிவில், ஒரு எறும்புத்தின்னி கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. வால்மேல் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டியோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மாமா இருபது வருஷமாகச் சொல்லி வந்த காட்சி அது.

நான் இரண்டு முறை இருமினேன்.

அவர் தலை சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. மண் கிளறும் சத்தம் காதில் விழுந்திருக்கும். ஒரு கணம் தயங்கினார். பிறகு என்னை நம்பி வலப்பக்கம் கையை நீட்டினார்.

"எறும்புத்தின்னி. யாரும் அசையாதீங்க. எப்படித் தோண்டுது பாருங்க."

எல்லாரும் வெறும் மூங்கில் புதரைப் பார்த்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் மெதுவாக, "சார், இந்தப் பக்கம்," என்றேன். மொத்தக் கூட்டமும் இடப்பக்கம் திரும்பி வாயடைத்து நின்றது. மாமா மட்டும் கையை இறக்காமல், "நகத்தப் பாருங்க, எவ்வளவு நீளம்," என்று புதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேனேஜர் அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். மாமா இமைக்கவில்லை.

"நாளைலேருந்து நீ முன்னாடி போ," என்றார் மேனேஜர் என்னிடம். "இவர் வர வேண்டாம்."

விருந்தாளிகளை விடுதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தோம். மாமா எப்போதும்போல என் தோளில் கை வைத்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. பாதி வழியில் கேட்டார்.

"குட்டி இருந்துச்சா, மச்சான்?"

"இல்ல மாமா. தனியாத்தான் இருந்துச்சு."

"நல்லவேள," என்றார். தோளைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

நான் நடந்தேன். என் கண்ணுக்குள், தாயின் வாலை நாலு காலாலும் கட்டிக்கொண்டு, அது நடக்க நடக்க ஆடியபடியே புதருக்குள் போனது குட்டி.