தாவளத்து மண்

அர்ஷத் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும், ஹாண்டில்பாரில் தொங்கிய மஞ்சப்பையைக் கழற்றி அத்தாவிடம் நீட்டினான்.

"மண்ணுங்கத்தா. போர்டுக்குக் கீழயே தோண்டி எடுத்துட்டு வந்தேன்."

சிராஜுதீன் பையை விரித்துப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேலென்று கிடந்தது மண். ஒரு பிடி எடுத்து விரலிடுக்கில் உதிர்த்துப் பார்த்தார்.

வீட்டுக்குள் படுதா மறைப்புக்குப் பின்னால் பெண்கள் நஸீம் பானுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சொம்பு வாளியில் இடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. விடியலில் பாங்கு சொல்லி முடிப்பதற்குள் போன உயிர். ஐம்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவள் ஒரு விக்கலில் போய்விட்டாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்லியாகிவிட்டது. இப்போது மணி ஒன்று.

மண் சமாச்சாரம் இதுதான். கொல்லிமலைக்கு ரோடு இல்லாத காலத்தில், பொதிமாட்டில் உப்பும் துணியும் மேலே ஏற்றி, மிளகும் கடுக்காயும் கீழே இறக்கிய ராவுத்தர்கள் பாதி மலையில் தங்க ஓர் ஊர் வைத்திருந்தார்கள். தாவளம் என்று பேர். பதினோரு வீடு, தொழுவதற்கு ஒரு கொட்டகை, ஒரு கிணறு, ஒரு புளியமரம், மரத்தடியில் இறந்தவர்களை அடக்கிய கபுர்கள். ரோடு வந்தது, லாரி வந்தது. மாடும் போச்சு, ஊரும் போச்சு. பதினோரு வீட்டாரும் ராசிபுரம், துறையூர் என்று ஆளுக்கொரு திக்கில் சிதறினார்கள். ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. தாவளத்தில் பிறந்தவர் எங்கே மவுத்தானாலும், கபுரில் விழும் முதல் பிடி அந்த ஊர் மண்ணாக இருக்க வேண்டும். மார்க்கத்தில் இப்படி ஒன்றும் இல்லையென்று பள்ளிவாசல் அசரத் முனகுவார். முனகிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அங்கே பிறந்தவர்களில் மிச்சமிருந்தது நஸீம் பானு ஒருத்திதான். பெற்றவளை அந்தப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, ஒன்பது வயதில் இறங்கி வந்தவள்.

"பாயி, இது எந்த ஊரு மண்ணு?"

மலைமேல் வாழவந்தி நாட்டு ராமாயி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். இருபது வருஷமாக நஸீம் பானுவுக்குப் பலாச்சுளையும் பேச்சும் கொண்டுவந்து கொடுத்தவள். சேதி கேட்டு பஸ் பிடித்து இறங்கியிருந்தாள்.

"தாவளத்து மண்ணு."

"போங்க பாயி. தாவளத்து மண்ணு கரியாட்ட இருக்கும். நூறு வருசம் மாடு கட்டுன எடம். எங்கய்யன் நாத்தங்காலுக்கு அங்கிருந்துதான் அள்ளியாருவாரு. நானே பாத்திருக்கறன்."

"காலம் போனா மண்ணு மாறாதா?"

"மண்ணென்ன ஓணானா, நெறம் மாத்த?"

"அப்ப எங்கன்னு நீயே போயி எடுத்துட்டு வா."

"எனக்கெங்க வழி தெரியும்? வழியெல்லாம் உண்ணிச்செடி மூடிக் கெடக்குது." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும். வருசாவருசம் அக்காவக் கூட்டிட்டுப் போனது நீங்கதான?"

அவர் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டீபன் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மலை மேல் சர்க்கார் பள்ளிக்கூடத்து வாத்தியார். மலையில் அழிந்துபோன ஊர்களைத் தேடிப் பிடித்து நோட்டில் எழுதி, ஒவ்வொரு இடத்திலும் சிமெண்டுப் பலகை நடுகிறாராம். எடப்புளி நாட்டில் இரண்டு, பைல் நாட்டில் ஒன்று முடித்துவிட்டார். அடுத்தது தாவளம். நஸீம் பானுவுக்கு இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாமல் கிடந்த நேரம் அது. ஆனாலும் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"ஏனுங்க, நீங்க போயி காட்டிட்டு வாங்க. எங்க ஊரு பேரும் ஒரு கல்லுல இருக்கட்டும்."

சிராஜுதீன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கையில் பேனா வைத்திருப்பவன் எவனும் நல்லதுக்கு வந்து அவர் பார்த்ததில்லை. இன்றைக்குப் பலகை நடுவான், நாளைக்கு ஃபாரஸ்ட்டுக்காரன் வந்து கம்பிவேலி போடுவான், அப்புறம் மாமியார் கபுருக்குப் போக எவனிடம் சீட்டு வாங்குவது? பத்தொன்பதாவது வளைவில், ரோட்டோரத்துச் செம்மண் மேட்டைக் காட்டி, "இதுதானுங்க" என்று சொல்லிவிட்டார். வாத்தியாரும் நம்பிவிட்டார். பலகை நட்டு, படம் பிடித்து, அதைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து நஸீம் பானு கையில் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"புளியமரம் எங்கீங்க?"

"வெட்டிட்டாங்க."

"கெணறு?"

"தூந்து போச்சு."

அவள் படத்தைக் கவிழ்த்து மார்மேல் வைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றாள். அதன் பிறகு தாவளம் என்கிற பேச்சையே அவள் எடுக்கவில்லை. மூன்று வருஷம்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. கற்பூர வாசம் வந்தது. துணி உடுத்தப் போகிறார்கள்.

பந்தலின் ஓரத்தில் ஸ்டீபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சிராஜுதீன் நேராக அவரிடம் போனார்.

"உங்க வண்டில பெட்ரோல் இருக்குதா?"

"இருக்குதுங்க பாய். ஏனுங்க?"

"எடுங்க."

அர்ஷத் ஓடிவந்தான். "எங்கீங்கத்தா போறீங்க? அம்மாவ இப்படிப் போட்டுட்டு?"

"அஸருக்குள்ள வந்துருவேன்."

"எல்லாரும் முகம் பாக்கற நேரமுங்கத்தா. சனம் என்ன பேசும்?"

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏமாந்தவரிடமே சொல்லிவிடலாம்.

வளைவுகளை எண்ணிக்கொண்டே போனார். மொட்டைப்பாறை, குரங்குக் கூட்டம், மேலிருந்து இறங்குகிற பஸ்ஸுக்கு ஒதுங்கி இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பத்தொன்பதில் பலகை தெரிந்ததும் ஸ்டீபன் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க."

"போர்டு இங்கதானுங்களே..."

"அது இல்ல. ஊரு அது இல்ல."

ஸ்டீபன் ஆக்சிலேட்டரைத் திருகினார். இன்னும் நான்கு வளைவு தாண்டியது. இருபத்து மூன்றில் இறங்கினார்கள். அங்கிருந்து பழைய மாட்டுத்தடம் கீழே சரிந்தது. உண்ணிச்செடி சட்டையைப் பிடித்து இழுத்தது. எழுபத்து நாலு வயது முட்டி அடிக்கு அடி தகராறு செய்தது. வாத்தியார் முன்னால் போய்க் கிளையை ஒதுக்கிப் பிடித்தார்.

முட்டிகூடப் பெரிதில்லை. அவளுக்கு நடை தளர்வதற்கு முன் கடைசியாக இங்கே கூட்டிவந்து எட்டு வருஷம் ஆகிறது. மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று வாய்கூசாமல் சொன்னாரே, சொன்ன பொய் பலித்திருந்தால்? மரம் இல்லாவிட்டால் இந்தப் புதரில் எதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது? வெறுங்கையோடு போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கபுரின் ஓரத்தில் நிற்பது? மணி இரண்டே முக்கால். இன்னும் மரம் தெரியவில்லை. தடம் பிரிகிற இடத்தில் இடமா வலமா என்று குழம்பி, வலம் போய், பாறை மறித்துத் திரும்பினார்கள்.

இடப்பக்கம் நூறடியில் புளியமரம் நின்றது. காய்த்த புளி உலுக்க ஆளில்லாமல் தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

அவர் மண்டியிட்டார். சருகைத் தள்ளிவிட்டு விரலை விட்டுத் தோண்டினார். கன்னங்கரேலென்று, பொலபொலவென்று வந்தது. துண்டை விரித்து அள்ளி அள்ளிப் போட்டார். நிமிர்ந்து பார்த்தபோது ஸ்டீபன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே தள்ளி நின்றிருந்தார்.

"ஏன் அங்கயே நின்னுட்டீங்க?"

"எது கபுருன்னு எனக்குத் தெரியலீங்க. மிதிச்சிருவேன்."

சிராஜுதீன் தலைமாடும் கால்மாடுமாக நட்டிருந்த இரண்டு கல்லைக் காட்டினார். "இது என்ர மாமியா."

ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் பொறுத்து, "எழுதிக்கட்டுங்களா பாய்?" என்றார்.

"எழுதுனா வேலி போடுவாங்களா?"

"போட மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க. போட்டாலும் போடலாம்."

சிராஜுதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வாயிலிருந்து 'சொல்ல முடியாது' என்று ஒரு நேரான சொல் வந்து அவர் கேட்டதில்லை.

"எழுதாட்டி?"

"நீங்க இருக்கற வரைக்கும் நீங்க வருவீங்க."

மரத்திலிருந்து ஒரு காய் சருகில் விழுந்தது. அவர் துண்டின் நாலு முனையையும் சேர்த்து முடிந்தார்.

"நோட்ட எடுங்க. நடந்துகிட்டே சொல்றேன், நேரமில்ல. கெழக்க இருந்து மொத ஊடு பிச்சை ராவுத்தருது. அடுத்தது லாடக்காரர் ஊடு. மூணாவது, ஒத்தக்கண்ணு மீரா..."

கல்யாணமான நாளாக அவள் சொல்லிச் சொல்லி அவருக்குப் புளித்துப்போன பெயர்கள். மூச்சு வாங்க மேடேறியபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டு வீடு வந்தது. ஒன்பதாவதில் நின்றுவிட்டார்.

"கெணத்துக்கு எதுத்தாப்பல. வாசல்ல முருங்க மரம். யாரு ஊடு அது..." நெற்றியைத் தேய்த்தார். "சரி, ஊட்டுக்குப் போயி அவளக் கேட்டுச் சொல்றேன்."

ஸ்டீபனின் பேனா நின்றது.

பிறகு வாத்தியார் ஒரு வரியை வெறுமனே விட்டுவிட்டு, மூட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

கீழே வந்து சேர்ந்தபோது அவளைச் சுமந்த சந்தூக்கு பள்ளிவாசலுக்குப் போயிருந்தது. முகத்தை மூடிவிட்டார்கள். தொழுகை முடிந்து கபுரின் ஓரத்தில் நிற்கும்போதுதான் அர்ஷத் துண்டு மூட்டையைப் பார்த்தான்.

"இது என்னங்கத்தா?"

"உங்கம்மா ஊரு மண்ணு."

"அப்ப நான் கொண்டாந்தது?"

"ரோட்டு மண்ணு. எடத்த நாந்தான் மாத்திக் காட்டிட்டேன். உங்கம்மாகிட்டயும் பொய்தான் சொன்னேன்."

சுற்றி நின்றவர்கள் காதிலும் விழுந்தது. அசரத் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அர்ஷத்தின் தாடை இறுகியது. அவன் மஞ்சப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து, அத்தா குனிவதற்கு முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

சிராஜுதீன் முடிச்சை அவிழ்த்தார். ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கையை உதறினார். மண்ணெல்லாம் போய்விட்டது. உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வருஷத்துக் கொட்டை, பளபளவென்று. பின்னால் மண் போட வரிசை காத்திருந்தது. அவர் அதைப் பெருவிரலால் நெம்பி, அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, ஓரமாக நகர்ந்து நின்றார்.