நாளைய தேதியில் எட்டு மணி

என் இரண்டு கிட்னியில் ஒன்று என் வீட்டுக்காரர் சாகுல் ஹமீது உடம்பில் இருக்கிறது. ராஜபாளையத்தில் நைட்டிக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக மாதம் ஒரு முறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி ஏறி என் இடுப்பே விட்டுப்போச்சு. கிட்னி மாற்றியவர்கள் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். காலை எட்டு, ராத்திரி எட்டு; போட்டவுடன் நேரத்தை எழுத வேண்டும். அந்த வேலை யார் தலையில்? என் தலையில்தான்.

அலுத்துப்போய், இந்த மாதம் முதல் தேதியே உட்கார்ந்து முப்பது நாளுக்கும் எட்டு, எட்டு என்று எழுதிவிட்டேன்.

இன்று ஆராய்ச்சி நர்ஸ் கல்பனா நோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏங்க்கா, நாளைக்கும் மாத்திர போட்டாச்சா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"திட்டலக்கா. ரத்தத்துல உப்பு, அதான் கிரியாட்டினின், ரெண்டு மடங்கு ஏறிருக்கு. நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. நாங்க எத நம்ப?"

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"கடையில சாப்பிடுதேன்னு இவகிட்டச் சொல்லிட்டுப் பத்து நாளா நோன்பு வச்சேன்," என்றார். "கடத்தெருவே நோன்பு. நான் மட்டும் எப்படிம்மா தண்ணி குடிச்சு மாத்திர போட? காலையில உள்ளதையும் நோன்பு தொறந்த பொறவு சேத்துப் போட்டேன்."

கிட்னி மாற்றியபோதே டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், நோன்பு கூடாதென்று. நாளை மறுநாள் அட்மிஷன். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தால்தான் கிட்னி தேறுமா என்று தெரியுமாம். அல்லாவே, நான் நேரத்துக்கு நேரம் கேட்டு எழுதியிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேனே!

திரும்பும் பஸ்ஸில் நோட்டை விரித்துப் அந்தப் பத்து நாள் காலை எட்டுகளைப் பேனாவால் அடித்தேன். நாளைக்கும் அதற்குப் பிறகும் உள்ளதையும் அடித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றது. எங்கள் தெரு சாதிக் பாட்சா ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரருக்கு உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"அவிய பாக்காக, ஆயிஷா. வீட்டுக்குப் போய்க் குடிக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் நோன்பு, விடியுமுன் சஹர் சாப்பிட்டதிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"பாக்கட்டும். நோன்பு எனக்கு. உள்ள இருக்கது என் கிட்னி, அதுக்கு நோன்பு இல்ல. இதுவும் போச்சுன்னா, குடுக்க எங்கிட்ட இன்னொண்ணு இல்லங்க."

சாதிக் பாட்சா திரும்பிப் பார்த்தார். இவர் பாட்டிலை வாங்கிக் குடித்தார்.