பதினேழு சிவப்பு வட்டங்கள்

வட்டம் போடுவதற்குச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நானேதான். இலங்கை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எங்கள் மக்கள் ஜூடோ சங்கத்துக்குக் கிளை இருந்த ஊர்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டார் என் கணவர் வரதராசா. சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. வெள்ளிவிழா மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு அவருடையது. களனியைச் சுற்றினார், பேலியகொடையைச் சுற்றினார். இரத்மலானையைச் சுற்றும்போது கை கொஞ்சம் தாராளமாகப் போய் விமான நிலையமும் வட்டத்துக்குள் விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கும் ஒன்று. தொண்ணூற்றாறாம் ஆண்டில், கொழும்பில் ஒரு தமிழர் இப்படியொரு படத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தியில் நடக்கலாமா என்று எங்கள் இருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. வட்டங்கள் வடிவாக வந்திருக்கின்றன என்று நான் பாராட்ட வேறு செய்தேன்.

அச்சகத்துக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவு சரி. படம்தான் சரியில்லை. வட்டமெல்லாம் அவர்கள் கண்ணுக்குக் குண்டு வைக்கக் குறித்த இடங்கள்.

மூன்றாம் நாள் காலை நிலாம் நானாவுடன் பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அவர் கொட்டாஞ்சேனையில் மெத்தை தைப்பவர். சங்கத்தின் முதல் விரிப்பும் அவர் தைத்ததுதான். துறைமுகத்தில் கழித்துவிட்ட படங்குத் துணிக்குள் மரத்தூளை அடைத்துத் தைத்தது. மழை நாளில் அதில் விழுந்தால் மரம் அறுக்கும் மரக்காலை வாசம் வரும். பஸ்ஸில் கண்ணை மூடியதும் அந்த வாசம்தான் வந்தது. பேலியகொடையில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலை முடிந்து வந்து, குனிந்து வணங்கிவிட்டு, விழப் பழகியது. இரத்மலானையில் கூரைக்கு மேலே விமானம் போகும்போது எல்லோரும் பிடித்த பிடியோடு அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தது. எல்லாம் மிதந்து மிதந்து வந்தன. ஆளை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் மாதக்கணக்கில் முகம் காணமுடியாது என்ற பயமும் கூடவே வந்தது.

"நா சிங்களத்துல பேசுறன் தங்கச்சி. நீங்க அழ வாணாம்," என்றார் நிலாம் நானா.

அழும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் என்மேல்.

இன்ஸ்பெக்டர் படத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார், எங்கள் வீட்டில் விரித்தது போலவே. இது விளையாட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம் என்று நானா விளக்கினார். இன்ஸ்பெக்டர் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, பையிலிருந்த வரலாற்றை வாசிக்கச் சொன்னார். அவர் எழுத்துக் கூட்டி வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். சங்கத்தின் முதற் பெண் உறுப்பினர் திருமதி கனகேஸ்வரி வரதராசா என்ற இடத்தில் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். என் சேலையைப் பார்த்தார், நரையைப் பார்த்தார். பிறகு முற்றத்தைக் காட்டி, "பென்னன்ன," என்றார். புருசனை எறிந்து காட்டட்டுமாம். காட்டினால் யோசிப்பாராம். இல்லாவிட்டால் மேலிடத்துக்குக் கொண்டுபோக மத்தியானம் வண்டி வருகிறதாம்.

என் கணவரைக் கூட்டி வந்தார்கள். அச்சகத்துக்கென்று போட்டுக்கொண்டு போன அதே நீலச் சட்டை. இரண்டு இரவில் ஒரு மனிதர் இவ்வளவு மெலியலாமா என்றிருந்தது. முற்றம் முழுக்கச் சீமெந்து. நான் கடைசியாக ஓர் ஆளை எறிந்து பன்னிரண்டு வருடம்.

எங்கள் சங்கத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. எறிகிறவர் விழுகிறவரின் சட்டைக் கையைக் கடைசிவரை விடக்கூடாது. மேலே இழுத்துப் பிடித்திருந்தால் தலை தரையில் அடிபடாது. மரத்தூள் விரிப்பில் ஒருமுறை கை தவறினாலும் ஒன்றும் ஆகாது. இது மரத்தூள் இல்லை.

எதிரெதிரே நின்று குனிந்து வணங்கினோம். பழக்கதோசம். கான்ஸ்டபிள் சிரித்தார்.

"சீமெந்தப்பா," என்றேன்.

"ஓம், தெரியும்."

"சட்டை கிழிஞ்சால்?"

"நீர் பிடியும். நான் விழுறன்."

சேலையை இழுத்துச் செருகினேன். வலது கையால் கழுத்துப்பட்டியைப் பிடித்தேன், இடது கையால் சட்டைக் கையை. திரும்பினேன். அவருடைய பாரம் முதுகில் ஏறியது. பிறகு பாரமே இல்லை. அவர் காற்றில் இருந்த நேரம் நெடுநேரமாக இருந்தது. எங்கோ ஒரு விமானம் இரத்மலானைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மரக்காலை வாசம் வந்தது. பதினேழு ஊரிலும் யாரோ விழுந்துகொண்டிருந்தார்கள், யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோள்மூட்டில் தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருவது என் விரல்களுக்குத் தெரிந்தது.

அவருடைய இடது உள்ளங்கை சீமெந்தில் அறைந்த சத்தம் சுவருக்குச் சுவர் போய் வந்தது. தலைக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. கண்கள் திறந்திருந்தன. என்னைத்தான் பார்த்தார்.

நிலாம் நானா வாய்க்குள் எதையோ ஓதினார். இன்ஸ்பெக்டர் வண்டி வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் படத்தை மடிக்கத் தொடங்கினார்.

"சரி, சரி. இப்ப கை விடு, அம்மா," என்றார் கான்ஸ்டபிள்.

பாதி கழன்ற நீலச் சட்டைக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.