வாயால் போட்ட சுரம்

1

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்துவது என் பிழைப்பு. சொந்தமாகக் கதை புனைவது இதுவே முதன்முறை. தாங்கள் பொறுத்தருள்வீர்கள் என்னும் நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

இக்கதை பிறந்தது ஒரு நன்றியுணர்விலிருந்து. இல்லை, ஒரு பியானோவின் பழுதான கட்டையிலிருந்து. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வதற்காகவே இத்தனை தாள்களை வீணாக்கியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "மந்தமாருதம் தவழும் இராயபுரக் கடற்கரையிலே..."

(அடித்துவிட்டேன். அங்கே தவழ்ந்தவை கருவாட்டு மணமும் இரயில் கரித்தூளும்.)

இரண்டாம் தொடக்கம்: "ஹென்றி என்றோர் இசைமேதை..."

(இதையும் விட்டேன். அவர் படித்தால் சிரித்தே மாய்ந்துபோவார்.)

மூன்றாவது, வெறும் செய்தி. 1934ஆம் ஆண்டு ஹென்றி ஐயா துறைமுகத்தை அடுத்த நடன மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஜாஸ் வாசித்துவந்தார். மற்ற நாட்களில் இராயபுரத்துத் தம் வீட்டுக் கூடத்தில், எவர் வந்தாலும் பியானோ கற்பித்தார். துறைமுகக் குமாஸ்தா தண்டபாணி, மீன் விற்கும் பூவம்மா, தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த மங்கை, அவளுடைய ஆறு வயது மகள் அம்மு, நான். பூவம்மா ஆசிரியரைவிட மூத்தவர். எல்லோரிலும் மந்தமான மாணாக்கர் நான். ஐயா அனைவருக்கும் ஒரே மெட்டைக் கொடுத்து, அடுத்த முறை அவரவர் விருப்பப்படி அதைக் கெடுத்துக் காட்டச் சொல்வார்.

(ஜாஸ் என்றால் என்னவென்று விளக்கி இவ்விடத்தில் ஒரு பத்தி இருந்தது. எனக்கே விளங்காமையால் எடுத்துவிட்டேன்.)

உப்புக் காற்றில் அந்தப் பியானோவின் நடுவே ஒரு கட்டை ஊமையாயிற்று. பழுது நீக்கினாலும் மறு மாதமே மீண்டும் ஊமையாயிற்று.

"இன்னா நைனா, இத்த அமுக்கினா மூச்சே காட்டமாட்டேங்குது," என்றார் பூவம்மா.

"கட்ட போனா போவுது யக்கா. பாட்டு நிக்கக்கூடாது. அந்த எடம் வந்தா வாயால போடு," என்றார் ஐயா.

அன்று முதல் அந்த இடம் வரும்போதெல்லாம் வாசிப்பவர் மட்டுமன்றி, தம் முறைக்குக் காத்திருப்பவர்களும் சேர்ந்து "ஆ" என்று அச்சுரத்தைப் பாடினோம். பூவம்மா மீன் கூவும் குரலிலேயே பாடினார்.

3

மங்கையைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம் உண்டு. கணவனை இழந்தவள் என்று எழுதியவுடன், என் விருப்பமின்றியே அவள் கண்களில் நீர் வந்துவிடுகிறது. உண்மையில் அவள் அப்படிப்பட்டவள் அல்லள். தண்டபாணியின் தாளத்தைக் கேட்டுவிட்டு, "கட்ட வண்டி அச்சு முறிஞ்சாப்ல கீது," என்பாள். ஆனால் தீக்குச்சி மருந்தின் புகை அவள் மார்பில் இறங்கியிருந்தது. அந்த வேலையை விட்டே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விட்டால் அம்முவுக்குச் சோறில்லை.

அவ்வாண்டு ஹென்றி ஐயா இரங்கூன் போகும் கப்பலில் வாசிக்க ஒப்புக்கொண்டார். மண்டபத்தில் தாம் விட்டுச்செல்லும் இருக்கைக்கு மங்கையின் பெயரைச் சொன்னார். மேலாளர் துரை ஒரு புதன்கிழமை காலையில் அவளை வாசித்துக் காட்டச் சொன்னார். அன்று வேலைக்கு வராவிட்டால் இடம் போய்விடும் என்று தொழிற்சாலை மேஸ்திரி சொல்லியிருந்தார். மங்கை மண்டபத்துக்கே சென்றாள்.

அங்குள்ள பியானோவில் எல்லாக் கட்டைகளும் பேசும். பழக்கத்தில் வாயைத் திறந்துவிடாதே என்று ஐயா எச்சரித்திருந்தார். மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். அந்த இடம் வந்தது. அவள் வாய் திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் வாயைத் திறந்துவிட்டோம்.

(நால்வரும். திட்டமிட்டதன்று. சுரம் பிசகவில்லை என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

துரை ஜன்னலை நோக்கித் திரும்பினார். அவருக்குப் பின்னால் நின்ற ஹென்றி ஐயா தம் காலணிகளைப் பார்த்தார். மங்கை நிறுத்தவில்லை. அந்த இடம் மறுபடியும் வந்தபோது நாங்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

இம்முறை பாடியவள் மங்கை.

வாசித்து முடித்தாள். துரை எழுந்து அவள் அருகில் வந்தார். வந்து,

4

முடிவு ஒன்று: துரை முகம் மலர்ந்து...

முடிவு இரண்டு: துரை முகம் சிவந்து...

எது நடந்தது என்பதை நான் அறிவேன். எழுதுவதற்கு அனுமதி பெறவே மங்கையின் வீட்டுக்குச் சென்றேன். அம்முவுக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாணாம் வாத்தியாரே. வேல கெடச்சிதுன்னு எழுதினா உங்களாலன்னு ஆவும். கெடைக்கலன்னு எழுதினாலும் உங்களாலதான்னு ஆவும். எனக்கோசரம் வந்து நின்னீங்க. அத்தோட வுட்டுடுங்க."

நான் எழுதிய எந்த வாக்கியமும் இவ்வளவு சரியாக அமைந்ததில்லை. ஆகவே முடிவைத் தங்களிடமே ஒப்படைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் அம்முவுக்குச் சோறு இருக்கட்டும். என்னிடம் எஞ்சியிருப்பது நன்றி ஒன்றுதான். எவ்வளவு மந்தமானாலும் அந்தக் கூடத்தில் எனக்கும் ஒரு முறை வந்தது.

இழப்புகளை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் மங்கையின் இடம் அன்றே போயிற்று. ஹென்றி ஐயா இரங்கூனிலிருந்து திரும்பவில்லை. பியானோவை உப்பு தின்றது; அந்தக் கூடத்தில் இப்போது அரிசி மூட்டைகள் இருக்கின்றன. அந்தப் புதன்கிழமை மண்டப வாயிலில் பூவம்மா இறக்கி வைத்திருந்த ஒரு கூடை நெத்திலியைக் காக்கைகள் கொண்டுபோயின.